விசைப்பலகை கைமாறும் கூடம்: வீட்டில் நடத்தும் நிரலாக்கக் கூடுகை

நிரலாக்கக் கூடுகை என்பது, நிரல் எழுதத் தெரிந்தவர்களும் எழுதப் பழகிக்கொண்டிருப்பவர்களுமாகச் சிலர் ஓரிடத்தில் கூடி, ஒரே சிக்கலை எடுத்துக்கொண்டு, ஒருவர் எழுதுவதை இன்னொருவர் அருகிலிருந்து பார்க்கும்படி சில மணி நேரம் சேர்ந்து நிரல் எழுதுவதாகும். கல்லூரிகளிலும் நிறுவனங்களிலும் பரிசு அறிவித்து இரவு முழுவதும் நடத்தப்படும் ஹேக்கத்தான் போட்டிகளோடு இதற்கு உறவு உண்டு என்றாலும், போட்டியில் முடிவுப்பொருளே பெரிதாகக் கருதப்படுவதால், அணியில் வேகமாக எழுதக்கூடிய ஒருவர் கையிலேயே விசைப்பலகை தங்கிவிடுகிறது; ஏனையோர் விளக்கப் படங்கள் தயாரிப்பதிலும் தேநீர் வாங்கிவருவதிலும் பொழுதைக் கழிக்க நேர்கிறது. வீட்டில் நடக்கும் கூடுகையில் நடுவர் இல்லை, மதிப்பெண் இல்லை, மேலதிகாரி இல்லை. ஆகையால் விசைப்பலகையை எல்லோர் கைக்கும் கொண்டுசேர்க்க இதைவிட வசதியான இடம் அமைவது அரிது. அந்த வாய்ப்பைக் காப்பதே கூடுகையை நடத்துபவரின் முதற்பணி என்னும் கருத்தின் மீதே இவ்வியலின் பரிந்துரைகள் யாவும் நிற்கின்றன.

கணினி வரலாற்றில் சிறு கூடுகைகளுக்கு உள்ள இடம் சிறியதன்று. 1975 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மென்லோ பார்க் என்னும் ஊரில், கார்டன் பிரெஞ்சு என்பவரது வீட்டுக் கார் கொட்டகையில் முதன்முறையாகக் கூடிய ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப், அப்போது புதிதாக வந்திருந்த ஆல்டேர் 8800 கணினியை நடுவில் வைத்துப் பேசத் தொடங்கியது. அக்கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த ஸ்டீவ் வாஸ்னியாக், தாம் வடிவமைத்த ஆப்பிள் 1 கணினியை அங்கேதான் நண்பர்களுக்குக் காட்டினார். 1999 ஜூன் மாதத்தில் கனடாவின் கால்கரி நகரில் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் நிரலாளர் பத்துப் பேர் கூடி எழுதியதே ஹேக்கத்தான் என்ற பெயரில் நடந்த தொடக்க நிகழ்வாகக் குறிப்பிடப்படுகிறது. செய்தியை உரியவர் மட்டுமே படிக்கும்படி கணித முறையில் மாற்றியமைக்கும் மறைகுறியாக்க மென்பொருளை அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதி செய்ய அக்காலத்தில் சட்டத்தடை இருந்ததால், அவர்கள் அந்நாட்டு எல்லைக்கு வெளியே அமர்ந்து எழுத வேண்டியிருந்தது. இரு நிகழ்வுகளுக்கும் மேடை தேவைப்படவில்லை. வந்தவர்கள் கேட்பதற்காக மட்டும் வராமல், கையில் ஒரு வேலையோடு வந்திருந்தார்கள்.

எத்தனை பேரை அழைப்பது என்பது நடத்துபவர் எடுக்கும் முடிவுகளில் தலையாயது. ஆறு பேர் என்பது பொருத்தமான எண்ணிக்கை. நான்குக்குக் குறைந்தால் ஒருவர் வராதபோது கூடுகையே கலைந்துவிடும், எட்டைத் தாண்டினால் அது தானாகவே வகுப்பாக மாறி, ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் நிலை வந்துவிடும். பின்னால் விளக்கப்படும் இணை நிரலாக்கத்துக்கு இரட்டைப்படை எண்ணே உகந்தது. வருகை ஒற்றைப்படையாகிவிட்டால் நடத்துபவர் எழுதுவதை விட்டு உதவுபவராக இருந்துகொள்ளலாம். அழைக்கப்படுவோரின் திறன் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. பத்தாண்டு அனுபவமுள்ளவரும் முதலாண்டு மாணவரும் ஒரே மேசையில் நன்றாகவே எழுத முடியும். ஆனால் நோக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் வேலைக்கான நேர்காணலுக்குத் தயாராகவும், மற்றொருவர் தம் புதுத்தொழிலுக்கு ஆள் பிடிக்கவும், மூன்றாமவர் பழைய நண்பர்களைப் பார்த்துப் பேசவும் வந்திருந்தால், மூவருக்குமே அந்த நாள் வீணாகும். எனவே அழைப்பிலேயே நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எடுத்துக்கொள்ளப்போகும் சிக்கல், பயன்படுத்தும் நிரல்மொழி ஆகியவற்றைத் தெளிவாக எழுதிவிடுவது நல்லது. முடியும் நேரத்தைக் குறிப்பிடுவது வெறும் ஒழுங்குக்காக அன்று: வீட்டில் சொல்லிவிட்டு வரவேண்டியவர்களுக்கும், இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டிய பெண்களுக்கும், அந்த ஒரு வரி இருந்தால்தான் அழைப்பை ஏற்கவே முடியும். காலை 9.30 மணிக்குத் தொடங்கி மதிய உணவோடு 1.30 மணிக்கு முடிப்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒத்துவரும்.

வீட்டாரின் இசைவு அழைப்புக்கும் முற்பட்டது. கூடத்தில் இருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியே அன்று பொதுத்திரையாகப் போவதால், அதைப் பார்க்கும் பழக்கமுள்ள பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் இரண்டு நாள் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும். சமையலறைப் பொறுப்பு கேட்காமலே ஒருவர் தலையில் விழுந்துவிடாதபடி உணவை முன்கூட்டியே திட்டமிடவும் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பாயின் இருசக்கர வண்டிகளை எங்கே நிறுத்துவது என்பதைக் காவலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது பின்னால் எழும் மனவருத்தங்களைத் தவிர்க்கும்.

இட ஏற்பாட்டில் பலரும் கவனிக்கத் தவறுவது அமரும் முறையாகும். பாயில் சம்மணமிட்டு அமர்ந்து மடிக்கணினியைத் தரையில் வைத்து எழுதுவது அரை மணி நேரத்துக்குச் சுகமாக இருந்தாலும், மூன்று மணி நேரத்தில் முதுகும் கழுத்தும் வலிக்கத் தொடங்கும். சாப்பாட்டு மேசையும் அதனோடு ஒரு மடக்கு மேசையும் இருந்தால் மூன்று இணைகளுக்குப் போதும். இணையாக எழுதும் இருவர் எதிரெதிரே அமராமல், ஒரே திரையை இருவரும் நேராகப் பார்க்கும்படி பக்கத்தில் பக்கத்தில் அமர வேண்டும். தொலைக்காட்சியோடு மடிக்கணினியை இணைக்கும் எச்டிஎம்ஐ கம்பியும், அக்கம்பிக்கான துளை இல்லாத புதிய மடிக்கணினிகளுக்காக யூஎஸ்பி-சி மாற்றியும் முந்தைய நாளே பொருத்திப் பார்க்கப்பட வேண்டியவை. திரையில் எழுத்தின் அளவைச் சோபாவில் அமர்ந்தவர் கண்ணைச் சுருக்காமல் படிக்கும் அளவுக்குப் பெரிதாக்கி, பகல் வெளிச்சத்தில் கருப்புப் பின்னணியைத் தவிர்த்து வெள்ளைப் பின்னணியை வைத்துக்கொள்வது நல்லது.

மின்சாரத்துக்கு ஒரு சிறு கணக்கு போதும். மடிக்கணினியின் மின்னேற்றி 65 வாட் என்று கொண்டால் ஆறுக்கும் சேர்த்து 390 வாட் ஆகிறது. சாதாரண 6 ஆம்பியர் மின்துளை 230 வோல்ட்டில் 1380 வாட் வரை தாங்கும் என்பதால், தரமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றிலிருந்தே எல்லாவற்றுக்கும் இணைப்பு கொடுக்கலாம். ஆனால் இன்வெர்ட்டரின் கணக்கு வேறு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலத்தில் கணக்குப்படி 1800 வாட்-மணி ஆற்றல் உண்டு; ஆறு மடிக்கணினிகள், இரண்டு மின்விசிறிகள், தொலைக்காட்சி ஆகியவற்றை ஒருசேர ஓட்டினால், மாற்றத்தில் ஏற்படும் இழப்பும் சேர்ந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதை நம்பியிருக்க இயலாது. ஆகவே மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு அந்த நாளில் உள்ளதா என்று பார்த்துக்கொள்வதோடு, இணையத் திசைவி, அதாவது வைஃபை ரூட்டர், இன்வெர்ட்டர் இணைப்புள்ள துளையில் இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். மின்சாரம் போனால் மடிக்கணினிகள் தம் மின்கலத்தில் ஓடிக்கொண்டிருக்கும், ரூட்டர்தான் முதலில் அணையும். விருந்தினருக்கான தனி வலையமைப்பு வசதி பல ரூட்டர்களில் இருக்கிறது; அதை அன்றைக்கு மட்டும் திறந்து, கடவுச்சொல்லைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிட்டால், வீட்டின் சொந்தக் கடவுச்சொல்லை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட அதிக நேரத்தை விழுங்குவது மென்பொருள் நிறுவுதல். ஆறு பேரும் வந்து அமர்ந்தபின் ஒவ்வொருவரும் பைத்தான் நிரல்மொழியைப் பதிவிறக்கத் தொடங்கினால் முதல் ஒரு மணி நேரம் அதிலேயே கரைவதோடு, கணினியில் பழக்கம் குறைந்தவர் தம்மால்தான் எல்லோருக்கும் தாமதம் என்று கூச்சப்பட்டு, அந்த நாள் முழுவதும் வாய் திறவாமல் இருந்துவிடுவார். மூன்று நாள் முன்னதாகவே நிறுவல் குறிப்பை அனுப்பி, ஒரே ஒரு வரியை அச்சிடும் நிரலை ஓட்டிப் பார்த்துத் திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பும்படி கேட்பது எளிய வழி. அதற்கும் மேலாக, வின்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்குமான நிறுவல் கோப்புகளையும் பைத்தானின் ஆவணத் தொகுப்பையும் பென்டிரைவ் ஒன்றில் போட்டு வைத்திருந்தால், இணையம் நின்றாலும் கூடுகை நிற்காது.

இனி, சிக்கலைத் தேர்ந்தெடுத்தல். நல்ல சிக்கலை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியும். பத்து நிமிடத்தில் அதற்கு ஏதோ ஒரு விடை திரையில் தெரியும். முக்கால் மணி நேரத்திலும் அது தீர்ந்துபோகாது. பலருக்கும் பழகிய எடுத்துக்காட்டு, கணிதவியலாளர் ஜான் கான்வே உருவாக்கி, மார்ட்டின் கார்ட்னர் 1970 அக்டோபரில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் அறிமுகப்படுத்திய உயிர் விளையாட்டு ஆகும். கட்டங்களில் உயிருள்ள கலம் ஒன்றுக்கு அண்டையில் இரண்டு அல்லது மூன்று உயிர்க்கலங்கள் இருந்தால் அது பிழைக்கும், உயிரற்ற கலத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அது உயிர்பெறும், மற்றவை மடியும் என்ற அளவே அதன் விதி. எரிக் வாஸ்டல் 2015 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் வெளியிட்டுவரும் அட்வென்ட் ஆஃப் கோட் புதிர்கள், அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி நள்ளிரவில் வெளியாவதால் இந்தியாவில் காலை 10.30 மணிக்குக் கிடைக்கின்றன. டிசம்பர் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகைக்கு இது வெகு பொருத்தம்.

ஆயினும் தமிழ் படிக்கத் தெரிந்த நண்பர்கள் கூடும் வீட்டில், தமிழ்ச் சொல்லொன்றில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று எண்ணும் நிரலைவிட வளமான சிக்கல் வேறு ஏதும் தேவையில்லை. யூனிகோடு என்பது உலக மொழிகளின் எழுத்துக்குறிகளுக்கு எண் ஒதுக்கும் பொதுத்தரம். அதில் தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கிடையாது. உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள், கால், கொம்பு, கொக்கி முதலிய துணைக்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கே எண்கள் உள்ளன. ஆகவே ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால், த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று எண்ணி 5 என விடை சொல்கிறது. அதே சொல் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் சேமிக்கப்படும்போது குறிக்கு மூன்று பைட்டு வீதம் 15 பைட்டுகள் எடுத்துக்கொள்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோ மூன்று எழுத்து என்கிறது. பிள்ளையின் விடையைக் கணினியைச் சொல்ல வைப்பதுதான் முதல் சுற்றின் பணி. புள்ளியையும் துணைக்குறிகளையும் எண்ணாமல் தாண்டிச் சென்றால் போதும் என்பதை அனுபவமில்லாத இணையும் இருபது நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். அதன்பின் இடைவெளியை எண்ணுவதா, ‘க்ஷ’ என்பது ஓர் எழுத்தா இரண்டா என்று எழும் வாதம் இயல்பாகவே இலக்கணத்துக்குள் நுழையும்.

இரண்டாம் சுற்றில் சொல்லைத் திருப்பிப் போடச் சொல்லலாம். குறிகளை அப்படியே பின்னிருந்து அடுக்கினால் ‘தமிழ்’ என்பதன் புள்ளி ஒட்ட இடமின்றி முன்னால் வந்து நிற்க, அதைத் தொடர்ந்து ‘ழிமத’ என்று தோன்றும். எழுத்து எழுத்தாகத் திருப்பினால்தான் ‘ழ்மித’ கிடைக்கும். இதிலிருந்து ஓர் அடி எடுத்துவைத்தால் மாலைமாற்றுக்குப் போய்விடலாம். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமைவது மாலைமாற்று. திருஞானசம்பந்தர் ஒரு பதிகத்தையே அவ்வகையில் பாடியிருக்கிறார். ‘விகடகவி’, ‘குடகு’, ‘பாப்பா’, ‘தேரு வருதே’ ஆகியவற்றுக்கு ஆம் என்றும் ‘தமிழ்’ என்பதற்கு இல்லை என்றும் நிரல் சொல்ல வேண்டும். மூன்றாம் சுற்றில் சிக்கல் உண்மையான உரைகளின் குழப்பத்துக்குள் இறங்குகிறது. ‘கொ’ என்ற எழுத்தைக் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு எண்களிலும், ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்று எண்களிலும் எழுத முடியும். இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிய, கணினிக்கோ அவை வேறு வேறு சொற்கள். இவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதற்கு இயல்பாக்கம் என்று பெயர். அதற்கான கருவி பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் ‘ஔவை’ என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்திருந்தால் எந்த இயல்பாக்கமும் உதவாது. அது எழுதியவரின் பிழை. அதைப் பிடிக்க நிரலாளர்தாம் தனி விதி எழுத வேண்டும்.

தமிழ்த் தட்டச்சு அறியாதவர் தடைப்படாதிருக்க, சோதனைச் சொற்களை யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒரே கோப்பாக முன்பே தயாரித்துக் கொடுத்துவிட வேண்டும். வின்டோஸ் கணினிகளில் கோப்பைத் திறக்கும் வரியில் குறியேற்றத்தின் பெயரை வெளிப்படையாகக் குறிப்பிடாவிட்டால் பைத்தான் வேறு குறியேற்றத்தை எடுத்துக்கொண்டு பிழை காட்டக்கூடும். கட்டளைத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் விடையைக் கோப்பில் எழுதி, உரைத்தொகுப்பியில் திறந்து பார்ப்பது நல்லது. இவ்விரண்டையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடாத கூடுகைகளில், நிரல் சரியாக இருந்தும் தவறு என்று நினைத்துப் பலர் சோர்ந்துவிடுகின்றனர்.

சுற்றுகளை நடத்தும் முறைக்கு 2009 ஜனவரியில் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் தொடங்கிய கோட் ரிட்ரீட் என்னும் பயிற்சிமுறை நல்ல முன்மாதிரி. அதில் ஒரு சுற்று 45 நிமிடம். சுற்று முடிந்ததும் எழுதிய நிரலை அழித்துவிட்டு, இணையை மாற்றிக்கொண்டு, அதே சிக்கலை மீண்டும் முதலிலிருந்து எழுதுவார்கள். அழிப்பது முதலில் மனத்துக்கு ஒப்பாது. ஆனால் காப்பாற்ற வேண்டிய பொருள் எதுவும் இல்லை என்று தெரிந்தபின் வேகமானவர் விசைப்பலகையைப் பிடித்துவைத்துக்கொள்ளக் காரணமே இல்லாமல் போகிறது. அங்கே நாள் முழுவதும் நடப்பதை வீட்டில் மூன்று சுற்றுகளாகச் சுருக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் கால் மணி நேரம் பேச்சுக்கு ஒதுக்கினால் மூன்று மணி நேரத்தில் முடியும். மேலே சொன்னபடி சுற்றுக்குச் சுற்று சிக்கலை வளர்ப்பதானால், அழித்த எண்ணும் பகுதியைப் புது இணை மீண்டும் எழுதிக்கொண்டே மேலே செல்ல வேண்டும். இரண்டாம் முறை எழுதும்போது அது பாதி நேரத்தில் முடிந்துவிடுவதை எல்லோரும் தம் கையாலேயே உணர்வார்கள்.

இணை நிரலாக்கம் என்பது இருவர் ஒரே கணினியில் ஒரே நிரலை எழுதுவது. கென்ட் பெக் 1999-இல் வெளியிட்ட எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்னும் மென்பொருள் உருவாக்க முறை பற்றிய நூல் வழியாக இது பரவலாகத் தெரியவந்தது. விசைப்பலகையில் கைவைத்திருப்பவரை ஓட்டுநர் என்றும், அருகிலிருந்து அடுத்து என்ன என்று யோசித்துச் சொல்பவரை வழிசொல்பவர் என்றும் அழைப்பர். ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியில் மணி அடிக்கும்படி வைத்து, அடித்ததும் வரி பாதியில் நின்றாலும் இடம் மாறிவிட வேண்டும். லூவெலின் ஃபால்கோ என்னும் நிரலாளர் பரப்பிய கண்டிப்பான விதி ஒன்று இங்கே பெரிதும் உதவும்: ஒருவர் தலையில் தோன்றிய யோசனை மற்றவர் விரல் வழியாகவே கணினிக்குள் போக வேண்டும். தமிழ்க் குடும்பச் சூழலில் வயதில் மூத்த நண்பரை அண்ணா என்றும் அக்கா என்றும் அழைக்கும் பழக்கத்தால், இளையவர் மறுத்துப் பேசத் தயங்கி, மூத்தவர் எழுதுவதைத் தலையாட்டிப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுவது இயல்பாக நடக்கிறது. இந்த விதி அந்தத் தயக்கத்துக்கு நேரடியான மருந்தாகிறது. மூத்தவர் பத்து விநாடியில் தட்டிவிடக்கூடிய வரியை வாயால் விளக்க வேண்டியிருப்பதால், தமக்கே அது எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதை அவரும் அறிந்துகொள்கிறார். வழிசொல்பவர் திரையைத் தொட்டுக்காட்டலாம், தாளில் வரையலாம். விசைப்பலகையின் மீது கை நீட்டுவது மட்டும் கூடாது.

இதோடு சோதனையை முன்னதாக எழுதும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘அம்மா’ என்றால் 3, வெற்றுச் சரம் என்றால் 0 என்று எதிர்பார்க்கும் விடைகளை முதலில் எழுதி, அவை தவறுவதைக் கண்டபின் நிரலைத் தொடங்குவது இம்முறை. ஒருவர் சோதனையை எழுத மற்றவர் அதை நிறைவேற்றும் வரியை எழுதினால் கைமாற்றம் தானாகவே அமையும்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி இப்போது எந்தக் கூடுகையிலும் எழும். முதலிரண்டு சுற்றுகளில் அவற்றை ஒதுக்கிவைப்பதே முறை. கேள்வியைக் கொடுத்து முழு விடையைப் பெற்றுவிட்டால் இருவர் சேர்ந்து யோசிப்பதற்கு ஏதும் மிஞ்சாது. கடைசிச் சுற்றில் அதே சிக்கலை உதவியாளரிடம் கொடுத்து, அது தரும் நிரலைத் தாங்கள் எழுதிய சோதனைகளில் ஓடவிட்டு, ‘கொ’வும் ‘ஔவை’யும் என்னவாகின்றன என்று பார்ப்பது பயன்மிக்க பயிற்சி. முத்தையா அண்ணாமலையும் பிறரும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நிரலகத்தின் மூலநிரலைப் பொதுத்திரையில் திறந்து படிக்கவும் இதுவே தக்க நேரம். தாமே முட்டி மோதிய சிக்கலை இன்னொருவர் எப்படித் தீர்த்திருக்கிறார் என்று படிப்பதில் வரும் ஆர்வம், முதலிலேயே படித்தால் வராது.

உணவு எளியதாக இருக்கட்டும். முறுக்கும் மிக்சரும் விசைகளுக்கு இடையில் தூளாக இறங்கும், பஜ்ஜியின் எண்ணெய் விரலோடு விசைப்பலகைக்கு வரும். கிண்ணத்தில் கரண்டியோடு சுண்டல், வாழைப்பழம், மதியத்துக்கு எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் என்றால் சமைப்பவருக்கும் எளிது. காப்பியும் தண்ணீரும் எழுதும் மேசையில் வைக்கப்படாமல், எழுந்து நடந்து செல்லும்படி அறையின் மறுபுறம் வைக்கப்பட்டால், மடிக்கணினி தப்புவதோடு இணைகள் தமக்குள் கலந்து பேசவும் வழி பிறக்கும்.

முடிவில் பாதுகாக்க வேண்டியது சிக்கலின் விளக்கமும் சோதனைச் சொற்களின் கோப்பும் ஆகும்; அவற்றை எல்லோருக்கும் அனுப்பிவிட்டால், வராதவரும் தம் வீட்டிலிருந்தே முயன்று பார்க்கலாம். விருந்தினர் வலையமைப்பை மூடி, மேசையடியில் மறந்துவிட்ட மின்னேற்றிகள் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த கூடுகை யார் வீட்டில், சிக்கலைக் கொண்டுவருபவர் யார் என்ற இரண்டும் நண்பர்கள் வாசலில் செருப்பு மாட்டுவதற்கு முன்பே முடிவாகிவிட வேண்டும். அவ்விரு பொறுப்புகளும் ஒருவரிடமே சேரக்கூடாது, ஏனெனில் வீட்டைக் கவனிப்பவரால் சிக்கலைப் பல கோணங்களில் முன்கூட்டியே முயன்று பார்க்க இயலாது. சிக்கலைக் கொண்டுவரும் பொறுப்பைக் குழுவில் அனுபவம் குறைந்தவருக்குக் கொடுத்து, அதைத் தயாரிக்க மூத்தவர் ஒருவர் துணைநிற்பது பொருத்தமாகும்.